வாரம் 12 மணி நேரம், கார்பந்த்ராஸ்

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது, "அங்க என்ன வேலைத்தா பாக்குற?" என்றுதான். இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன் என்றால் அதோடு விடமாட்டார்கள். "பிரான்ஸ்காரவுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க நம்ம சுருளிப்பட்டியில இருந்தா ஆளு போகணும்?" என்று பெரியப்பா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். போனில் நாலு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. இப்போது பிப்ரவரி விடுமுறை, பள்ளி இரண்டு வாரம் மூடிக் கிடக்கிறது. பெரியப்பாவுக்காகவும், கல்லூரியில் பிரெஞ்சு எடுத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று எனக்கு எழுதிக் கேட்கும் தம்பி தங்கைகளுக்காகவும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பார்ப்பது மொழி உதவியாளர் வேலை. பிரெஞ்சு அரசு ஆண்டுதோறும் பல நாடுகளிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை வரவழைத்துத் தன் பள்ளிகளில் வைத்துக்கொள்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்தவர் ஸ்பானிஷ் வகுப்பில், ஜெர்மனியிலிருந்து வந்தவர் ஜெர்மன் வகுப்பில். நூறு ஆண்டுகளுக்கு முன்பு பிரிட்டனோடு தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது பாரிஸ் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் இருக்கும் ஓர் அரசு நிறுவனம் நடத்துகிறது. இந்தியாவில் பிரெஞ்சு படித்தவர்களை ஆங்கில உதவியாளர்களாக எடுத்துக்கொள்கிறார்கள். அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஒப்பந்தம், வாரத்துக்கு 12 மணி நேரம். பிரான்ஸில் எந்த மூலைக்கு அனுப்புவார்கள் என்பது நம் கையில் இல்லை. எனக்கு வந்தது தெற்கே வோக்லூஸ் மாவட்டத்தில் கார்பந்த்ராஸ்.

கம்பத்தைவிடச் சின்ன ஊர். ஊருக்கு வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாந்து மலை தெரியும். 1,900 மீட்டருக்கு மேல் உயரம், உச்சி முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கல். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவளுக்கு மலை இருக்கிற ஊர் கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

என் பள்ளி ஒரு லிசே. நம் ஊர்க் கணக்கில் மேல்நிலைப் பள்ளி, பதினைந்து முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். ஆங்கில ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைப் பிரித்து எட்டு, பத்துப் பேராக என்னிடம் அனுப்புவார்கள். இலக்கணம் நடத்துவது, தாள் திருத்துவது, மதிப்பெண் போடுவது எதுவும் என் வேலை அல்ல. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் வாய் திறந்து ஆங்கிலம் பேச வேண்டும்.

வந்த புதிதில் நான் எதிர்பார்க்காதது அவர்களுடைய பயம். இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத் தொடர்களை மொழிமாற்றம் இல்லாமல் பார்க்கிறார்கள், ஆங்கிலப் பாட்டு முழுவதையும் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். ஆனால் "நேற்று என்ன செய்தாய்?" என்று பெயர் சொல்லிக் கேட்டால் காது மடல் வரை சிவந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பானோ என்ற அச்சம். தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

அந்தத் தலைகுனிவு எனக்கு நன்றாகத் தெரியும். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலப் பாடத்தில் வினா விடையை மனப்பாடம் செய்து எழுதினோம், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினோம். அத்தனை வருடத்தில் யாரும் எங்களை ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. மதுரையில் கல்லூரியில் சேர்ந்தபோது ஆங்கிலவழிப் பிள்ளைகள் நடுவில் நான் வாயே திறக்கவில்லை. பகுதி ஒன்றுக்கு பிரெஞ்சு எடுத்ததற்குக் காரணமே அதுதான். அந்த வகுப்பில் எல்லோருக்கும் மொழி புதிது, எல்லோரும் ஒரே கோட்டில் நின்றோம். பிரெஞ்சில் பேசப் பழகிய பிறகுதான் எனக்கு ஆங்கிலத்திலும் கூச்சம் போனது. பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பிரெஞ்சு. அங்கிருந்து இங்கே.

பெரியப்பாவுக்கு என் முதல் பதில் இது. பேசப் பயப்படுகிற பிள்ளையிடம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எப்போது கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டும், எந்த இடத்தில் ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் லண்டனில் பிறந்து வளர்ந்தவருக்குத் தானாகத் தெரிந்துவிடாது. தானும் அப்படி உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியும்.

இரண்டாவதாக ஒன்றை இங்கே வந்துதான் கண்டுகொண்டேன். பாடப் புத்தகத்தில் இந்தியா இருக்கிறது. தாஜ்மகால், காந்தி, பாலிவுட், பெங்களூரு. அதைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகளுக்குப் பதில் முன்பே தெரியும், அதனால் பேச ஒன்றும் இருக்காது. ஒரு நாள் அம்மா கொடுத்துவிட்ட போடி ஏலக்காயை ஒரு காகிதப் பொட்டலத்தில் எடுத்துப் போனேன். எட்டு மில்லிமீட்டர் தரம், பச்சை மாறாத காய். மேசை மேல் கொட்டி, இது என்ன, எங்கிருந்து வந்தது, கிலோ என்ன விலை இருக்கும் என்று மட்டும் கேட்டேன். ஒருத்தி முகர்ந்து பார்த்துவிட்டுப் பற்பசை என்றாள். மொராக்கோவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், எங்கள் வீட்டில் காப்பியில் போடுவார்கள் என்றான். பள்ளி திறந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. அதன் பிறகு கேள்விகள் அவர்களிடமிருந்து வந்தன. மரமா, செடியா? எந்தப் பகுதியில் காய்க்கும்? யார் பறிப்பார்கள்? போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது என்றும், வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி விலை ஏற்றுவார்கள் என்றும் சொன்னேன். உடனே வகுப்பிலேயே ஏலம் விட்டுப் பார்த்தோம். ஆங்கில எண்களைச் சொல்லத் தடுமாறுகிற பிள்ளைகள் கத்திக் கத்தி விலை ஏற்றினார்கள். பக்கத்து அறை ஆசிரியர் கதவைத் தட்டிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்படி ஆயிற்று.

ஜனவரி 15 அன்று பாடம், பெரியாற்று அணையைக் கட்டிய பிரிட்டிஷ் பொறியாளர் பென்னிகுக். இங்கே உயர் வகுப்பு ஆங்கிலப் பாடத்திட்டத்தில் நிலமும் நினைவும் என்ற பொருளில் ஒரு தலைப்பு உண்டு. அதற்கு எங்கள் பள்ளத்தாக்கைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதையைச் சொன்னேன். 1887இல் தொடங்கிய வேலை, வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, மீண்டும் கட்டி 1895இல் தண்ணீர் திறந்தது. அந்தத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அவர் பிறந்த நாளில் ஊர் ஊராகப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறோம், லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. எங்கள் அப்பத்தா அவர் படத்துக்குப் பூ வைத்துக் கும்பிடுகிற போட்டோவையும் காட்டினேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "உங்களை ஆண்டவர்களின் படைப் பொறியாளர் அவர். அவரை எதற்குக் கும்பிடுகிறீர்கள்?" இன்னொருவன் திரும்பி அவளுக்குப் பதில் சொன்னான், தண்ணீர் கொடுத்தவரை வேறு என்ன செய்வார்கள் என்று. வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அல்ஜீரியா பற்றிப் பேச்சு வந்தது, அங்கே பிரான்ஸ் போட்ட சாலைகள் பற்றி வந்தது. அந்தப் பெண்ணின் தாத்தா அல்ஜீரியாவிலிருந்து வந்தவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் கருத்து என்ன என்று கடைசியில் கேட்டார்கள். எங்கள் வீட்டுச் சோறு அந்தத் தண்ணீரில் விளைந்தது, அந்த நன்றி எனக்கு உண்டு என்றேன். கூடவே, அந்தக் காட்டில் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்துப்போன கூலியாட்கள் எத்தனையோ பேர், அவர்கள் பெயர் சொல்லிப் பொங்கல் வைக்க எங்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது என்றும் சொன்னேன். மணி அடித்த பிறகும் மூன்று பேர் எழுந்து போகவில்லை.

சரி, இனி திராட்சை. இதைச் சொல்லாவிட்டால், திராட்சை விவசாயியான அப்பா இந்தப் பதிவைப் படிக்கமாட்டார்.

கார்பந்த்ராஸில் வெள்ளிக்கிழமை காலைச் சந்தை மிகப் பெரியது, ஊர்த் தெருக்கள் முழுக்க அடைத்துக்கொள்ளும். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒரு பக்கத்தில் ட்ரஃபிள் சந்தையும் கூடும். மண்ணுக்கடியில் விளையும் கறுப்புக் காளான், நாயை வைத்து மோப்பம் பிடித்துத் தோண்டுவார்கள், தராசில் வைத்துக் கிராம் கணக்கில் பேரம் நடக்கும். ஆனால் சந்தையில் என்னை முதலில் நிறுத்தியது அதுவல்ல. ஒரு தட்டில் கருநீலத் திராட்சைக் குலைகள், மேலே மாவு படிந்தது கலையாமல். ஒரு பழத்தை வாயில் போட்டதும் அது பன்னீர் திராட்சை. அதே வாசம், அதே விதை. பலகையில் மஸ்கா து வாந்து என்று எழுதியிருந்தது. ரகம் மஸ்கட் ஹாம்பர்க், நாம் பன்னீர் என்கிற அதே ரகம்தான். இங்கே 1997இல் இதற்கு இடம்சார்ந்த சட்டப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பழத்தை 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று அப்போது செய்தித்தாள்களில் எழுதினார்கள்.

விலைப் பலகையைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அன்று இரவே போன். "கொடிக்குக் கொடி எத்தன அடி விட்டிருக்காங்க தாயி? பந்தலா, கம்பியா? குலைக்கு என்ன மருந்து அடிக்கிறாக?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அப்பாவின் கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறேன். அந்தத் திராட்சைக்காரர் வயதானவர், மலை அடிவாரத்தில் தோட்டம். பழம் முடிந்த பிறகு அவர் மனைவி ஆலிவும் ஜாமும் விற்கிறார். மாவு கலையாமல் இருக்கத்தான் காம்பைப் பிடித்து அறுக்கிறார்கள், குலையில் சொத்தையைக் கத்தரியால் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள் என்று சொல்லிக் கொடுத்தார்.

இந்த விடுமுறையில் அவர் தோட்டத்துக்கே வரச் சொன்னார். கவாத்து நடக்கிறது. பந்தல் கிடையாது, கம்பி கட்டி வரிசையாக நிற்கிற கொடிகள், ஓர் இலை இல்லை. எங்கள் பக்கத்தில் காய்ந்த கொடியைத் தவிர இப்படி நான் பார்த்ததே இல்லை. நவம்பரில் இலை உதிர்ந்தால் மார்ச் கடைசியில்தான் துளிர்க்கும் என்றார். வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கே அவர் பந்தலுக்குள் நின்றுகொண்டிருந்தார், தலைக்கு மேல் பச்சைக் குலைகள் தொங்கின. பெரியவர் போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"வருடத்துக்கு எத்தனை அறுவடை?"

"ரெண்டு. ரெண்டு வருசத்துக்கு அஞ்சு எடுக்கிறவுகளும் இருக்காக."

நான் மொழிபெயர்த்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார், சரியாகச் சொல்கிறேனா என்று. "அப்படியானால் கொடி எப்போது ஓய்வெடுக்கும்?"

அப்பா சற்று யோசித்தார். "கவாத்துப் பண்ணி, தொழு உரம் போட்டு, தண்ணிய நிறுத்திக் கொஞ்ச நாள் விடுவோம். அவ்வளவுதான் அதுக்கு ஓய்வு. நமக்கும் அவ்வளவுதான்னு சொல்லு."

பெரியவர் தன் கத்தரியைக் காட்டினார், அப்பா தன்னுடையதைக் காட்டினார். கூலியாள் கிடைக்காதது, ஆலங்கட்டி மழை, இடைத்தரகர், மகன் விவசாயத்துக்கு வராதது என்று பேச்சு ஒரு மணி நேரம் போனது. நான் பிரெஞ்சில் எம்.ஏ. படித்ததற்கு இதுவரை கிடைத்த மிகப் பெரிய பலன் அந்த ஒரு மணி நேரம் என்றுதான் நினைக்கிறேன். போனை வைக்கும் முன் அப்பா சொன்னார்: "அவரும் சம்சாரிதான் தாயி. மருவாதியாப் பேசு."

அன்றாடம் எப்படிப் போகிறது என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் வருகிற சம்பளம் மாதம் ஏறக்குறைய 800 யூரோ. என் அறை வாடகை 300, சின்ன ஊர் என்பதால். பாரிஸில் இந்தச் சம்பளத்தில் காலம் தள்ளுவது கடினம். முதல் சம்பளம் கைக்கு வர அக்டோபர் கடைசியோ நவம்பரோ ஆகலாம், அதனால் இரண்டு மாதச் செலவுக்குப் பணத்தோடு வர வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பணத்துக்குத் திராட்சை வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார் அப்பா. அதை இப்போது அடைத்துவிட்டேன். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் திட்டத்தில் உண்மையான தடை மொழி அல்ல, விசா, விமான டிக்கெட், இந்த முதல் இரண்டு மாதம். ஊர்ச் சங்கங்களோ பழைய மாணவர்களோ இதற்கு ஒரு சிறு கடன் நிதி வைத்தால் பள்ளத்தாக்கிலிருந்து இன்னும் பலர் வருவார்கள். திரும்பி வந்ததும் இதற்கு முயல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

மதியச் சாப்பாடு பள்ளி உணவகத்தில். முதலில் காய்கறி, பிறகு முக்கிய உணவு, பிறகு பாலாடைக்கட்டி, பழம் அல்லது இனிப்பு, எல்லாவற்றோடும் ரொட்டி. ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே நிதானமாகச் சாப்பிடுகிறார்கள், மேசையில் யாரும் தாள் திருத்துவதில்லை. நம் ஆசிரியர்களுக்கும் அந்த நேரம் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இரவில் சோறும் பருப்பும் நானே வைத்துக்கொள்கிறேன்.

அரசுப் பள்ளி என்பதால் ஊழியர்கள் மத அடையாளம் எதுவும் அணியக் கூடாது. மாணவர்கள் பளிச்சென்று தெரியும் அடையாளங்களை அணியத் தடை விதித்து 2004இல் சட்டம் வந்தது, ஊழியர்களுக்கு அதற்கு முன்பிருந்தே கட்டுப்பாடு உண்டு. காலையில் வைக்கிற திருநீற்றைக் கிளம்பும் முன் அழித்துவிட்டுப் போகிறேன். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் முக்காட்டை வாசலில் கழற்றிப் பையில் வைத்துவிட்டு உள்ளே வரும் மாணவிகளை தினமும் பார்க்கிறேன், அவர்கள் வருத்தம் என்னுடையதைவிடப் பெரியது.

காற்றைச் சொல்லாவிட்டால் கார்பந்த்ராஸ் முழுமையாகாது. மிஸ்த்ரால் என்ற வடகாற்று ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும். ஆண்டிபட்டி கணவாயில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் ஆடிக்காற்றோடு வளர்ந்தவள்தானே என்று நினைத்து வந்தேன். இது குளிரையும் சேர்த்துக்கொண்டு அடிக்கிறது, வானம் மட்டும் துடைத்துவிட்டது போல நீலமாக இருக்கும்.

அவிஞோனுக்கு அரை மணி நேர ரயில். 1938இல் நிறுத்தப்பட்ட பயணிகள் ரயில் 2015இல்தான் திரும்ப வந்ததாம். 2010இல் அகலப்பாதைக்காக நின்றுபோய் 2023இல் போடிக்கு மறுபடி ரயில் வந்த அன்று அப்பத்தா தண்டவாளத்துக்குச் சூடம் காட்டியதைச் சொன்னேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு அது அப்படியே புரிந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாரிஸ் போய் லா சப்பலில் இறங்கினேன். தெரு முழுக்க ஈழத்தமிழர் கடைகள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, தமிழ்ப் பத்திரிகை. ஒரு கடையில் ஓர் அம்மா, "நீங்கள் இந்தியாவோ பிள்ளை? தனியவோ இருக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டு, பொருட்களோடு ஒரு பொதி இடியப்பமும் வைத்துக் கட்டிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. அவர்கள் எந்த நிலையில் இந்த நாட்டுக்கு வந்தார்கள் என்பதை நினைத்தால் என் ஏழு மாதத் தனிமையைப் பெரிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு: அடுத்த அக்டோபருக்கான அறிவிப்பு வெகு மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். இந்தியாவில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் இணையதளத்தை ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். பட்டப்படிப்பும், அன்றாடம் சமாளிக்கிற அளவு பிரெஞ்சும் வேண்டும். விண்ணப்பத்தில் ஏன் வர விரும்புகிறீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். ஈஃபில் கோபுரத்தைப் பற்றி எழுதாதீர்கள். உங்கள் ஊரைப் பற்றி, அதை வகுப்பில் எப்படிக் காட்டுவீர்கள் என்பதைப் பற்றி எழுதுங்கள். சின்னமனூர் வாழைச் சந்தை, வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா, ஓடைப்பட்டித் திராட்சை, எதுவானாலும் நீங்கள் அறிந்ததை எழுதுங்கள்.

பள்ளி மார்ச்சில் திறக்கிறது. நான் படித்த பள்ளியின் ஒன்பதாம் வகுப்பும் என் மாணவர்களும் வீடியோவில் பேச ஏற்பாடு ஆகியிருக்கிறது. இங்கே காலை 10 மணி, அங்கே பகல் 2:30. மார்ச் கடைசி ஞாயிறில் இங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள் என்பதால் அதற்குள் முடித்துவிட வேண்டும். என் மாணவர்கள் ஏலக்காயைப் பற்றியும் பென்னிகுக் பற்றியும் கேட்கப் போகிறார்கள். சுருளி அருவியில் இப்போது தண்ணீர் விழுகிறதா என்பது எனக்காக ஒருவன் சேர்த்துக்கொண்ட கேள்வி. அங்கிருக்கும் ஆங்கில ஆசிரியை, "கேள்விய முன்னாடியே அனுப்பிரும்மா, பிள்ளைகளப் பதில் எழுத வச்சுப் படிக்க வைக்கிறேன்" என்றார். அனுப்பவில்லை டீச்சர், மன்னிச்சுக்கங்க, அன்னைக்கு அவுக கேக்கட்டும், நம்ம பிள்ளைக யோசிச்சுச் சொல்லட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒத்துக்கொண்டார்.